கைப்பிடி வைத்த பெட்டி

“கைப்பிடியா? கம்ப்யூட்டருக்கு எதுக்குக்கா கைப்பிடி? அது என்ன தண்ணி கேனா, தூக்கிட்டுத் திரிய—”

“நான் கேட்கலைடா, அம்மா சொன்னது. என்கிட்ட ஏன் கத்துற—”

“கத்தலை! சின்னப் பெட்டி வாங்கினா அதுக்குச் சின்ன போர்டு வேணும். சின்ன போர்டுன்னா விலை கூட—”

“எனக்குத் தெரியாதா? நான்தானே உனக்கு—”

“—சின்ன பவர் சப்ளை வேணும், அதுவும் விலை கூட. அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டுல போட்டா ஒரு படி மேல போயிடலாம்!”

“டேய், முதல்ல என்னைப் பேச விடுறியா?”

பேச விடுகிற நிலையில் சின்னவன் இல்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பிரித்துப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரை ஏதோ நெருங்கிய சொந்தம் படுத்துவிட்டது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. அன்றிலிருந்து வீட்டில் சாயங்காலம் என்ற ஒன்றே இல்லாமல் போனது.

ஏனென்றால் இந்த வீட்டில் விளையாட்டு என்பது வேறு மாதிரி. அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் ஓர் ஆள். சின்னவன் கீபோர்டைப் பிடித்து நடப்பான், ஓடுவான், குதிப்பான். பெரியவள் மவுஸைப் பிடித்துக் குறிபார்ப்பாள். செயற்கைப் பல் செய்கிற லேபில் நாள் முழுக்கக் கடைவாய்ப் பல்லுக்கு மேடு பள்ளம் செதுக்குகிறவள் அவள். கை இம்மியும் ஆடாது. எங்கெங்கிருந்தோ இவர்களோடு மோதித் தோற்றுப்போகிற ஆட்களுக்கு, தங்களைச் சுட்டது இரண்டு பேர் என்று இன்றுவரை தெரியாது. ஒருத்தர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் இன்னொருத்தரும் அவுட்.

“சரி, பெட்டியை விடு. ஹெட்செட் ஒண்ணு போதும்” என்றாள் பெரியவள்.

“ஒண்ணா? நீ எதைப் போட்டுக்குவ?”

“அப்புறம் பார்த்துக்கலாம். மவுஸும் உன் கைக்குச் சரியா இருக்கிறதா பாரு. என் கை சின்னது, நான் பிடிக்கிறது உனக்கு ஒத்து வராது.”

“எனக்கு எதுக்கு ஒத்து வரணும்? மவுஸ் நீதானே?”

“எப்பவும் நானே பிடிச்சுட்டு இருப்பேனா? நீயும் பழகுடா, கழுதை வயசாகுது.”

காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிற கழுதை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. கோபத்தில் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அம்மா கதவருகில் வந்து நின்றாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. விடுமுறை நாளிலும் மெல்லிய துணி ஒன்று தோளில் கிடக்கும்.

“சொல்லிட்டேன். சின்னதா இருக்கணும். ஒரு ஆள் ஒரு கையால தூக்குற மாதிரி கைப்பிடி இருக்கணும். மத்தது உங்க இஷ்டம்.”

“ஏம்மா?”

“துடைக்க வசதியா இருக்கும்.”

“துடைக்கிறதுக்குக் கைப்பிடி எதுக்கும்மா?”

“தூக்கி வெச்சுட்டு அடியில துடைப்பேன். கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காதே. டீ வெச்சிருக்கு, ஆறிப்போகுதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு.”

உங்க அப்பா கைக்கெட்டும் தூரத்தில், ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சின்னவன் சொன்னான்: “அப்பா, டீ ஆறுதாம்.”

“குடிச்சாச்சுன்னு சொல்லு.”

“அம்மா, குடிச்சாச்சாம்.”

சில வாரங்களாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது. லிப்ட் மெக்கானிக்கான அப்பாவைக் கம்பெனி கூப்பிட்டு, சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரச் சொன்னது. எனக்கு வேண்டாம், நான் கயிற்றோடும் கிரீஸோடும் இருந்துகொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் வீட்டில் மூச்சு விடவில்லை. அவரோடு வேலை செய்கிறவரின் மனைவி, கண்ணாடி மாற்ற வந்த இடத்தில், “உங்க வீட்டுக்காரருக்கு என்ன பெரிய மனசு” என்று அம்மாவிடம் சொல்லி வைத்தாள். அம்மாவுக்கு நாற்காலி போனது கூடப் பெரிதில்லை. ஊரான் வீட்டுப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. அன்று பூட்டிய வாய்.

இவர்களுடைய மௌனத்துக்கு நடுவில் அந்தச் சாயங்கால விளையாட்டு ஒன்றுதான் வீட்டில் கேட்கிற சத்தமாக இருந்தது. அதுவும் நின்றதும் சின்னவனுக்குப் பயமாகிவிட்டது. புது கம்ப்யூட்டர் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

“கிளம்பு. கடை மூடிடப் போறாங்க” என்றாள் பெரியவள்.

*

கடை என்றால் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியாது. பழைய வணிகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், செல்போன் கவர் விற்பவர்களையும் வாட்ச் ரிப்பேர்காரரையும் தாண்டி உள்ளே போனால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு தலை தெரியும். அந்தத் தலைதான் ஃபேன் அண்ணன். யார் என்ன கேட்டு வந்தாலும், “ஒரு ஃபேன் சேர்த்துப் போட்டுக்கங்க, மெஷினும் மூச்சு விடணும்ல?” என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

“வாங்க, வாங்க! பழசு போயிடுச்சா? எனக்குத் தெரியும். அதுல ஒத்தை ஃபேன்.”

“அண்ணே, துக்கம் விசாரிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். கையில இருக்கிற காசுக்கு நல்லா ஓடணும். பளபளன்னு இருக்க வேணாம்” என்றாள் பெரியவள்.

“அப்படிச் சொல்லு தங்கச்சி! இங்க வர்றவன் எல்லாம் முதல்ல லைட்டைத்தான் பார்க்கிறான். சரி, பிராசசர்?”

“நடுத்தரம். போன தலைமுறையில நல்லது ஒண்ணு குடுங்க.”

“இல்லக்கா, புதுசு—”

“டேய், நாம விளையாடுறதுக்கு அதுவே அதிகம். மிச்சத்தைக் கார்டுல போடு. படத்தை வரையறது கார்டுதான்.”

“தங்கச்சி சொல்றது சரி, தம்பி. மாப்பிள்ளை கார்டுதான், பிராசசர் மாப்பிள்ளைத் தோழன். தோழனுக்கு எதுக்குப் பட்டுச் சட்டை? ரேம்?”

“ரெண்டு துண்டா குடுங்க. ஒரே பெரிய துண்டா வேணாம், வேகம் குறையும். லைட் எரியாதது.”

“லைட் எரியறது கொஞ்சம்தான் கூட.”

“எரியாதது இருட்டுலயும் வேலை செய்யும்ல?”

ஃபேன் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சின்னவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தான் சின்னவன். செங்கல் மாதிரி கனத்தது. அதற்குள் இருக்கிற அத்தனை சாயங்காலங்களும் அவன் கண்ணில் ஓடின.

“பவர் சப்ளை மட்டும் நம்பிக்கையானதா குடுங்க. அதுல மிச்சம் பிடிக்கக் கூடாது. அது வெடிச்சா மாப்பிள்ளை, தோழன் எல்லாம் சேர்ந்து போயிடும்.”

“எல்லாம் சரி. இப்ப போர்டு. அதுக்கு முன்னால பெட்டி. பெட்டி முடிவாகாம போர்டு எடுக்க முடியாது, போர்டு முடிவாகாம எதையும் பூட்ட முடியாது.”

ஃபேன் அண்ணன் குனிந்து இரண்டு கேபினெட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னவன் இடுப்பு வரை உயரம். முன்பக்கம் முழுக்க வலை, உள்ளே தாராளமாகக் காற்று போகும், இன்னும் நாலு வருடத்துக்கு எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். விலையோ சல்லிசு. இன்னொன்று டிபன் கேரியருக்கு அண்ணன் மாதிரி. மேலே தோல் சுற்றிய கைப்பிடி.

“பெரிசுதாண்ணே!” என்று பாய்ந்தான் சின்னவன்.

“எனக்கும் பெரிசுதான் பிடிக்கும், தம்பி. ஃபேன் மாட்ட எவ்வளவு இடம் பாரு. ஆனா உங்க வீட்டுக்குச் சின்னதுதான்.”

“அம்மா உங்களுக்கு போன் பண்ணினாங்களா?”

“அம்மாவா? இல்லையே. உங்க அப்பாதான் சொல்லிட்டுப் போனாரு.”

சின்னவனும் பெரியவளும் ஒரே நேரத்தில், “அப்பாவா?” என்றார்கள்.

“ஆமா. இந்தக் கட்டடத்து லிப்டைப் பார்க்க வந்தாரே. கையெல்லாம் கிரீஸு. கடைக்குள்ள வராம வாசல்லயே நின்னு, ‘என் பசங்க வருவாங்க. எதைக் கேட்டாலும் நல்லதாக் குடு. பெட்டி மட்டும் சின்னதா இருக்கட்டும், சுலபமா வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி. நான் சொன்னேன்னு பசங்ககிட்ட—’”

ஃபேன் அண்ணன் நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“‘—சொல்லிடாதே’ன்னாரு” என்று மெதுவாக முடித்தார்.

*

எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். வாட்ச் ரிப்பேர்காரரைத் தாண்டியதும் சின்னவன் நின்றான்.

“அம்மா சொன்னதை நீ அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்லை. நீ?”

“நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.”

“அப்போ எப்படிடா...”

“அதான் கேட்கிறேன். உப்பு வேணுமா வேணாமான்னு கூட ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லை. கம்ப்யூட்டருக்குக் கைப்பிடி வேணும்னு மட்டும் ரெண்டு பேருக்கும் எப்படித் தோணும்?”

பெரியவள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான்க்கா” என்றான் சின்னவன். அவனுக்குக் குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. “அவங்க அம்மா அப்பா தனித்தனியாப் போயிட்டாங்க. ஒரு வாரம் இந்த வீடு, ஒரு வாரம் அந்த வீடு. நல்ல கம்ப்யூட்டர் வாங்குடான்னா, ‘எது வாங்கினாலும் பைக்குள்ள போகணும்டா’ம்பான்.”

“உளறாதே.”

“அப்புறம் எங்க தூக்கிட்டுப் போறதுக்குக்கா அது? வேற இடம்னு அப்பா சொல்லியிருக்காரு. எந்த இடம்?”

“உளறாதேன்னு சொன்னேன்ல!”

கத்திவிட்டாள். செல்போன் கவர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பெரியவள் முகத்தில் ரத்தமே இல்லை. சின்னவன் அக்காவை அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்கே பயமென்றால் விஷயம் நிஜம்தான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான்.

“நான் வீட்டுல கேட்கப் போறேன்.”

“வேணாம்டா. இப்ப வேணாம்.”

“இப்பதான்.”

*

வீட்டில் அப்பா ஹால் தரையில் உட்கார்ந்து, செத்துப்போன கம்ப்யூட்டரின் ஃபேனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அது சுற்றுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா மேஜையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“பெட்டியைத் தூக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போகணும்?”

துணி மடிக்கிற கை நின்றது. எண்ணெய் விடுகிற கையும் நின்றது.

“என்னடா கேட்கிற?” என்றாள் அம்மா.

“அப்பா ஃபேன் அண்ணன் கடைக்குப் போய்ச் சின்னப் பெட்டியாக் குடுன்னு சொல்லியிருக்காரு. நீயும் சின்னதாத்தான் வேணும்ங்கிற. ரெண்டு பேரும் பிரியப் போறீங்கன்னா நேராச் சொல்லுங்க. கைப்பிடி வெச்சுச் சொல்லாதீங்க.”

அம்மா சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். பிறகு ஞாபகம் வந்தவள் போல மகனைப் பார்த்துச் சொன்னாள்:

“உங்க அப்பா எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு கேளு.”

“அவர் இங்கதான் இருக்காரும்மா!”

அப்பா எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தார். துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“உங்க அம்மா எங்க போய் இருந்தாலும், நீங்க அங்க வெறுங்கையோட போய் உட்காரக் கூடாதுல்ல? விளையாட ஒண்ணு வேணும்ல? அதான் சொன்னேன்.”

“நானா?” மடித்து வைத்த துணியெல்லாம் சரிந்தது. “நான் எங்க போறேன்? போறது உங்க அப்பாடா! நீங்க அவரைப் பார்க்கப் போய் வரும்போது அதையும் எடுத்துட்டுப் போகணுமேன்னுதான் நான் கைப்பிடி கேட்டேன்!”

“நான் எங்கடா போறேன்?” என்றார் அப்பா, மகனைப் பார்த்து.

“ரூம் பார்க்கிறது யாருன்னு கேளு! என் காதால கேட்டேன். அன்னைக்கு நான் கடையில இருந்து வந்து நுழையும்போது, போன்ல புரோக்கர்கிட்ட, ‘ரூம் காத்தோட்டமா இருக்குமா, தண்ணி நாள் முழுக்க வருமா, எப்போ காலியாகும்’னு வாயைத் திறந்து கேட்டது யாராம்?”

“கேட்டேன். இல்லைங்கலை. ஆனா அவன்தான் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டான். ‘செல்லுல அடிச்சேன், எடுக்கலை, வேலையில இருப்பாங்க போல. கேட்டிருந்த மாதிரியே ரூம் ஒண்ணு அமைஞ்சிருக்கு. ஒரு ஆள். பெண்கள் மட்டும் தங்குற கட்டடம்’னான்.”

அப்பா இப்போதுதான் நேராக அம்மாவைப் பார்த்தார்.

“நீ போய் இருக்கப் போற இடம். தண்ணி வருமான்னு கூட விசாரிக்காம விடச் சொல்றியா?”

அம்மா அப்படியே நின்றாள். தோளில் கிடந்த துணி நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

“நான் உங்களை விட்டுப் போறேன்னு நினைச்சுக்கிட்டு” என்றாள், ஒவ்வொரு சொல்லாக, “அங்க தண்ணி வருமான்னு கேட்டீங்களா?”

“ஆமா.”

“போகாதேன்னு சொல்லத் தோணலையா?”

“யார்கிட்ட சொல்றது? பையன்கிட்ட சொல்லி அனுப்பவா?”

சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறார்கள். நடுவில் தான் இல்லை. சந்தோஷப்படுவதா, இன்னும் பயப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீங்க மட்டும்?” என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்திருந்தது. ஆனால் கோபம் வடிந்துவிட்டது. “நாற்காலி வேணாம்னு சொன்னதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா—”

“நீ போய் உட்காருன்னு சொல்லுவ.”

“சொல்லுவேன்! சண்டை போடுவேன்! அப்புறம் உங்க இஷ்டம்னு விட்டிருப்பேன். ஊரார் வந்து சொல்லித் தெரிஞ்சுக்கிற மாதிரி வெச்சீங்களே.”

“தப்புதான்.”

அவ்வளவு சுலபமாக அவர் சொல்வார் என்று அம்மாவே எதிர்பார்க்கவில்லை. மேலே சண்டை போட எதுவும் கிடைக்காமல் திணறி, கடைசியில் மகன் மேல் பாய்ந்தாள்.

“ஏன்டா மரம் மாதிரி நிக்கிற? அந்தக் கடைக்காரனுக்கு போன் போட்டுப் பெரிசே குடுக்கச் சொல்லு. இருக்கிறதுலயே பெரிசு. கைப்பிடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

“துடைக்கணுமேம்மா!”

“அடி வாங்காதே!”

அப்பா சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! அம்மாவும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சின்னவன் போனை எடுத்து ஃபேன் அண்ணன் நம்பரை அழைத்துக் காதில் வைத்தான். வீடு உடையவில்லை. எல்லாம் ஒரு புரோக்கரின் போனால் வந்த வினை.

“நல்லவேளை” என்றாள் அம்மா, கீழே விழுந்த துணிகளைப் பொறுக்கியபடி. “நான் பாட்டுக்கு உங்களை அனுப்பி வெச்சுட்டு, நீங்க பாட்டுக்கு என்னை அனுப்பி வெச்சுட்டு... அந்தப் புரோக்கர் எந்த வீட்டுக்கு அடிக்க வேண்டியதை நம்ம வீட்டுக்கு அடிச்சுத் தொலைச்சானோ.”

“தப்பான நம்பர் இல்லை” என்றார் அப்பா. “நம்ம கட்டடம், நம்ம மாடி எல்லாம் சரியாச் சொன்னான். அதனாலதானே நான் நம்பினேன்.”

“அப்போ நான் கேட்டேன்னா சொன்னான்? நான் எந்தப் புரோக்கரோட மூஞ்சியையும் பார்த்ததில்லையே.”

“பேர் சொல்லலை. இந்த வீட்டுல இருந்து கேட்டாங்கன்னான். பெண்கள் மட்டும்னான். நான் உன்னைத்தான்னு...”

அப்பா நிறுத்தினார்.

அம்மா பொறுக்கிய சட்டையைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தாள். மடிக்கவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. போகிற வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது போல.

போனில் ஃபேன் அண்ணன், “சொல்லு தம்பி, பெரிசா சின்னதா? ஹலோ? தம்பி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சின்னவன் போனைக் காதிலிருந்து இறக்கினான். அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. வாசல் கதவருகே பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது; இன்னொன்றைக் கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொள்வதா என்பது போல விரல்களால் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்த ரூம் உனக்கா?”